கோட்டுக்கு வெளியே நின்றவர்கள்

திருச்சியிலிருந்து வடக்கே துறையூர் சென்று, அங்கிருந்து சோபனபுரம் வழியாக மலைப்பாதையில் ஏறினால் பச்சைமலையின் மேற்பரப்பை அடையலாம். திருச்சி, சேலம், பெரம்பலூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் மலை அது. மரவள்ளியும் முந்திரியும் பலாவும் விளையும் அம்மண்ணில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மத்ரஸா மாணவர் சிலருடன் ஒரு விடுமுறை நாளில் நான் அங்குச் சென்றிருந்தேன்.

அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு ஊர்ப் பக்கம் நடந்தபோது, ஒரு மேட்டு நிலத்தில் மலைப் பிள்ளைகள் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தனர். என் மாணவர்களும் ஆர்வத்தோடு அவர்களுடன் சேர்ந்துகொண்டனர். பந்து அடிக்கடி சரிவில் உருண்டு மரவள்ளிக் கொல்லைக்குள் போய் விழும். ஒவ்வொரு முறையும் கோட்டுக்கு வெளியே நின்ற ஓர் இளைஞன் விரைந்தோடிச் சென்று அதனை எடுத்து வருவான். அவனுக்கு இருபது வயதிருக்கலாம். பந்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் அதே இடத்தில் வந்து நிற்பான். முகத்தில் மாறாத சிரிப்பு.

“தம்பி, அவர் ஏன் ஆடவில்லை?” என்று பக்கத்தில் நின்ற சிறுவனைக் கேட்டேன்.

“அவனுக்கு அவ்வளவா விவரம் பத்தாதுங்க ஐயா. ஆனா நல்லவன். பந்து எடுத்துக் குடுப்பான்” என்றான் அச்சிறுவன்.

அவ்விடையில் இகழ்ச்சி இல்லை, அன்பே இருந்தது. ஆயினும் அது என் உள்ளத்தைத் தைத்தது. ஏனெனில் அதே விடையை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

என் பெரியத்தாவின் மூத்த மகனார் அத்தகையவரே. வீட்டில் உணவுக்கோ உடைக்கோ அவருக்கு எக்குறையும் வைத்ததில்லை. பெருநாளைக்கு முதல் சட்டை அவருக்குத்தான். ஆனால் நிக்காஹ் வீடுகளுக்கு அவரை அழைத்துச் செல்லமாட்டார்கள். பெண் பார்க்க யாரேனும் வந்தால் உள்ளறைக் கதவு சாத்தப்படும். தெருவில் நாங்கள் ஆடும் பந்து சில சமயம் அவர்கள் வீட்டு முற்றத்தில் விழுந்துவிடும். “காக்கா, பந்து!” என்று கூவுவோம். மதிலுக்கு மேலாகப் பந்து பறந்து வரும். எங்களில் எவரும் எறிய முடியாத தொலைவுக்கு அவர் எறிவார். அந்தக் கையின் வலிமையைக் கண்டு வியந்தோமே தவிர, அவரை ஒருநாளும் ஆட்டத்திற்கு அழைத்ததில்லை. நாற்பது வயதிற்குள் அவர் இறையடி சேர்ந்துவிட்டார்.

அறிவு வளர்ச்சியில் பின்தங்கியவர்களை விளையாட்டில் சேர்த்துக்கொள்வது இன்று உலகெங்கும் ஓர் இயக்கமாக வளர்ந்துள்ளது. அதன் வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நலம் என்று எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

பழைய ஏடுகளில்

முன்னோர் காலத்தில் இத்தகையோர் அடியோடு கைவிடப்பட்டிருந்தனர் என்று சொல்வது பொருந்தாது. ஹதீஸ் பயில்வோர் அறிந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் முஸ்லிம் அவர்களின் தொகுப்பில் அது இடம்பெற்றுள்ளது. மதீனாவில் அறிவில் சிறிது குறைபாடுடைய பெண்மணி ஒருவர் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு அவர்களிடம் ஒரு தேவை இருப்பதாகக் கூறினார். அண்ணலார் அவரை இன்னாரின் தாயாரே என மரியாதையுடன் விளித்து, எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அதனை அவரே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். பின் அவ்வாறே சென்று, அவர் பேசி முடிக்கும் வரை உடன் நின்றார்கள். உதவி செய்வது பலர் செய்யும் காரியம். நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அப்பெண்மணியிடமே விட்டார்கள் என்பதே இங்கு நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது.

கி.பி. 705 முதல் 715 வரை ஆண்ட உமையாக் கலீஃபா வலீத், பார்வையற்றோருக்கு வழிகாட்டியையும் நடக்க இயலாதோருக்குப் பணியாளரையும் அமர்த்தினார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். திமிஷ்கில் 1154ஆம் ஆண்டில் நூருத்தீன் கட்டிய மருத்துவமனையும், கெய்ரோவில் 1284ஆம் ஆண்டில் கலாவூன் நிறுவிய மருத்துவமனையும் புகழ்பெற்றவை. நம் ஃபிக்ஹு அறிஞர்களும் இதில் நுட்பமான வேறுபாடு ஒன்றைக் கண்டனர். சித்தம் கலங்கியவரை ‘மஜ்னூன்’ என்றும், அறிவு வளர்ச்சி குறைந்தவரை ‘மஃதூஹ்’ என்றும் பிரித்தனர். ஹனஃபி மத்ஹபின்படி மஃதூஹ் என்பவர் நன்மை தீமை பகுத்தறியத் தொடங்கிய சிறுவரைப் போன்றவர். தமக்கு முழு நன்மையான ஒன்றை, அன்பளிப்பு பெறுதல் போன்றதை, காப்பாளரின் இசைவின்றியே அவர் ஏற்கலாம். அதாவது அவருக்கும் ஒரு விருப்பம் உண்டு, அதற்குச் சட்டத்தில் ஓர் இடமும் உண்டு என்பது அன்றே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது.

இவையெல்லாம் பராமரிப்பின் வரலாறு. பராமரிப்பு வேறு, பங்கு வேறு. உண்ணவும் உடுக்கவும் கொடுப்பது பராமரிப்பு. ‘வா, நீயும் ஆடு’ என்று அழைப்பது பங்கு. என் பெரியத்தா வீட்டில் முன்னது நிறைய இருந்தது, பின்னது இல்லை.

தசையிலிருந்து தொடங்கிய கல்வி

ஐரோப்பாவில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிக்க முடியும் என்ற எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை வேரூன்றவில்லை. பிரான்சு நாட்டில் காட்டில் கண்டெடுக்கப்பட்ட விக்தர் என்னும் சிறுவனுக்கு 1800க்குப் பின் இத்தார் என்ற மருத்துவர் பல்லாண்டு கற்பித்துப் பார்த்தார். முழு வெற்றி கிட்டவில்லை. ஆனால் அவருடைய மாணவர் எதுவார் செகேன் அம்முயற்சியை வேறு வழியில் தொடர்ந்தார். எழுத்திலிருந்து தொடங்கக் கூடாது. உடலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் அவர். முதலில் தசை, பின் புலன்கள், அதன்பின் கருத்து என்பது அவர் வகுத்த வரிசை. ஏணி ஏறுவதும் ஊஞ்சலாடுவதும் அவருடைய பாடங்களாயின. அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த அவர், தம் முறையை விளக்கி 1866இல் ஒரு நூல் வெளியிட்டார்.

இச்செய்தி நமக்கு முற்றிலும் அயலானதன்று. செகேனின் நூல்களைப் படித்தே மரியா மாண்டிசோரி அம்மையார் ரோம் நகரில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடையே தம் முதற்பணியைத் தொடங்கினார். அந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்கால ஆண்டுகளை இந்தியாவில் கழித்தவர். இன்று நம் ஊர்தோறும் காணும் மாண்டிசோரிப் பள்ளிகளின் வேர், மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக எழுந்த ஒரு முயற்சியில் இருக்கிறது என்பதனைப் பலர் அறியார்.

ஆனால் வரலாறு நேர்கோட்டில் செல்லவில்லை. செகேனுக்குப் பின் வந்தவர்கள் பள்ளிகளைப் பெரிய காப்பகங்களாக்கினர். இவர்கள் பெருகினால் இனமே கெட்டுவிடும் என்ற கொடிய கொள்கை பரவியது. அமெரிக்காவின் உச்ச நீதிமன்றமே 1927இல் இத்தகையோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதற்கு இசைவளித்தது. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி 1939 முதல் அவர்களைக் கொன்றே குவித்தது. நம் நாட்டிலோ ஆங்கிலேயர் இயற்றிய 1912ஆம் ஆண்டுச் சட்டம், அறிவு வளர்ச்சி குறைந்தவரையும் சித்தம் கலங்கியவரையும் ‘பைத்தியம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிற்று. மஜ்னூனையும் மஃதூஹையும் பிரித்துப் பார்த்த பழைய நூல்களின் நுட்பம் அச்சட்டத்தில் இல்லை. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்திலேதான் அவ்விரண்டும் வெவ்வேறு என்பது இந்திய நாட்டில் தெளிவாக எழுதப்பட்டது.

ஒரு தங்கையின் தோட்டம்

இனி விளையாட்டின் கதைக்கு வருவோம். அது ஒரு வீட்டின் மறைவான துயரத்திலிருந்து பிறந்தது.

அமெரிக்காவில் செல்வமும் அரசியல் செல்வாக்கும் மிக்க கென்னடி குடும்பத்தில் 1918இல் ரோஸ்மேரி என்னும் பெண் பிறந்தார். வளர வளர அவர் அறிவு வளர்ச்சியில் பின்தங்கியவர் என்பது தெரியலாயிற்று. குடும்பம் அதனை வெளியில் சொல்லவில்லை. 1941இல், அவருக்கு இருபத்து மூன்று வயதானபோது, தந்தையின் முடிவின்படி மூளையில் அறுவை செய்தனர். அதன் விளைவாகப் பேச்சும் நடையும் பெரிதும் கெட்டன. பிறகு அவர் தொலைதூரத்தில் ஒரு காப்பகத்தில் வைக்கப்பட்டார். அண்ணன் ஜான் கென்னடி குடியரசுத் தலைவரானபோதும் அவருடைய நிலை ஊரறியாத செய்தியாகவே இருந்தது. உள்ளறைக் கதவைச் சாத்துவது ஏழை எளியோரின் வழக்கம் மட்டுமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அக்கதவைத் திறந்தவர் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். 1962 ஜூன் மாதம் மேரிலாந்தில் தம் வீட்டுத் தோட்டத்தையே விளையாட்டு முகாமாக்கினார். அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகள் அங்கு நீந்தினர், ஓடினர், குதிரையேறினர். அவர்களுக்குத் துணையாக உயர்நிலைப் பள்ளி மாணவரும் கல்லூரி மாணவரும் வந்தனர். அம்மையாரின் சொந்தப் பிள்ளைகளும் கூட ஆடினர். அதே ஆண்டு செப்டம்பரில் பெயர்பெற்ற வார இதழ் ஒன்றில், தம் அக்காளின் நிலையை வெளிப்படையாக எழுதினார். நாட்டின் முதற்குடும்பமே மறைக்கவில்லை என்றால் நாம் ஏன் மறைக்க வேண்டும் என்று எண்ணற்ற பெற்றோர் எண்ணத் தொடங்கினர்.

அதே ஆண்டுகளில் கனடாவின் டொரண்டோவில் உடற்கல்வி ஆய்வாளர் பிராங்க் ஹேடன் என்பவர் ஒரு கேள்வியை எழுப்பினார். இப்பிள்ளைகளின் உடல் தளர்ந்திருப்பது உண்மை. ஆனால் அது குறைபாட்டின் விளைவா, அல்லது அவர்களை ஓடவும் ஆடவும் விடாததன் விளைவா? முறையாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் அவர்களுடைய வலிமையும் மூச்சுத்திறனும் உயர்ந்தன. தளர்ச்சிக்குப் பெருங்காரணம் வாய்ப்பின்மையே என்று அவர் கண்டார். மதிலுக்கு மேலாகப் பறந்து வந்த அந்தப் பந்து இப்போது என் நினைவுக்கு வருகிறது.

சிகாகோ நகரப் பூங்காத் துறையில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றிய ஆன் பர்க் என்ற இளம்பெண், அந்நகரில் இத்தகையோருக்கு ஒரு விளையாட்டு விழா நடத்தலாம் என்று முன்மொழிந்தார். யூனிஸ் அம்மையார் அதனை நாடளாவிய விழாவாக விரித்தார். 1968 ஜூலை 20 அன்று சிகாகோ பேரரங்கில் முதலாவது சிறப்பு ஒலிம்பிக் விளையாட்டு நடைபெற்றது. அமெரிக்காவின் 26 மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஏறத்தாழ 1000 பேர் கலந்துகொண்டனர். பார்வையாளர் இருக்கைகளோ பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தன. அன்று காலியாக இருந்த அவ்விருக்கைகள் பின்னர் நிறைந்தன. 2003இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் உலகக் கோடை விளையாட்டு முதன்முறையாக அமெரிக்காவிற்கு வெளியே நடந்தது. 2019 மார்ச்சில் அது அபூதாபிக்கு வந்தபோது 7000க்கு மேற்பட்ட வீரர்கள் கூடினர். ஐக்கிய அரபு அமீரகம் மாற்றுத் திறனாளிகளுக்கு ‘அஸ்ஹாபுல் ஹிமம்’ என்ற பெயரை வழங்கியிருக்கிறது. ‘ஹிம்மத்’ என்ற சொல்லை நம் வீட்டுப் பெரியவர்களும் வழங்குவர். ஊக்கமும் மனவுறுதியும் உடையோர் என்பது அதன் பொருள்.

வெற்றி தோல்வியின் கணக்கு

சிறப்பு ஒலிம்பிக் வேறு, பாராலிம்பிக் வேறு. பலரும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுகின்றனர். பாராலிம்பிக் பெரும்பாலும் உடற்குறையும் பார்வைக் குறையும் உடைய தேர்ந்த வீரர்களுக்குரியது. தகுதி எல்லையைத் தாண்டியவரே அங்கு நுழையலாம். சிறப்பு ஒலிம்பிக் அறிவுசார் குறைபாடு உடையோர்க்கே உரியது. எட்டு வயது நிரம்பிய எவரும் பயிற்சியிலும் போட்டியிலும் சேரலாம். மேல் வயது வரம்பில்லை. விளையாட வருவோரிடம் கட்டணமும் பெறுவதில்லை. கடும் குறைபாடு உடையோர்க்குப் போட்டியற்ற உடலசைவுப் பயிற்சித் திட்டம் தனியே உண்டு.

போட்டியின் அமைப்பும் அறியத் தக்கது. முதலில் ஆண் பெண், வயது, திறன் ஆகியவற்றைக் கொண்டு வீரர்களைப் பிரிப்பர். முன்னோட்டம் வைத்து, ஏறத்தாழ ஒத்த திறனுடைய மூவர் முதல் எண்மர் வரை ஒரு பிரிவாக்குவர். ஒரு பிரிவின் தலைசிறந்தவருக்கும் கடைசியானவருக்கும் இடையே 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இராதவாறு பார்த்துக்கொள்வது வழக்கம். முன்னோட்டத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓடி, இறுதியில் விரைந்து ஓடினால் தகுதி இழக்க நேரிடும். முதல் மூவருக்குப் பதக்கம். மற்றவர்க்கு இடத்திற்கேற்ற நாடா. எனவே இது இரக்கப்பட்டுக் கொடுக்கும் பரிசன்று. தனக்கு ஈடானவருடன் மோதிப் பெறும் பரிசு. தோற்கவும் வாய்ப்புள்ள ஆட்டமே உண்மையான ஆட்டம்.

இவர்களின் பெயரால் வஞ்சகமும் நடந்ததுண்டு. 2000ஆம் ஆண்டு சிட்னி பாராலிம்பிக்கில் அறிவுசார் குறைபாடு உடையோருக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் நாட்டு அணி தங்கம் வென்றது. அணியின் பன்னிருவரில் பத்துப் பேருக்கு எக்குறைபாடும் இல்லை என்பது பின்னர் வெளியாயிற்று. அணிக்குள்ளேயே இருந்த பத்திரிகையாளர் ஒருவர் உண்மையை எழுதினார். பதக்கங்கள் பறிக்கப்பட்டன. ஆனால் தண்டனை யாருக்கு நேர்ந்தது? இக்குறைபாட்டைச் சோதித்தறியும் முறை செம்மையாக இல்லை என்று கூறி, அறிவுசார் குறைபாடு உடையோர் அனைவரையும் பாராலிம்பிக்கிலிருந்து விலக்கினர். 2012இல் லண்டனில்தான் மீண்டும் ஒரு சில போட்டிகளில் இடம் கிடைத்தது. அறிவாளிகள் செய்த குற்றத்திற்கு அப்பாவிகள் பன்னிரண்டு ஆண்டு கோட்டுக்கு வெளியே நின்றனர்.

ஒரே அணியில்

சிறப்பு ஒலிம்பிக்கைப் பற்றி நியாயமான வினா ஒன்றும் எழுந்தது. இவர்களுக்கென்று தனி மைதானம், தனி விழா என்று வைத்தால், அதுவும் ஒருவகை ஒதுக்கல் அன்றோ? சுவர் சற்றே பெரிதாக்கப்பட்டது என்பதைத் தவிர வேறென்ன?

அதற்கு விடையாக 1980களின் இறுதியில் ‘ஒருங்கிணைந்த விளையாட்டு’ என்னும் முறை உருவாயிற்று. குறைபாடு உடையோரும் இல்லாதோரும் ஒரே அணியில், ஒரே சட்டையணிந்து ஆடுவர். ஐவர் ஆடும் கால்பந்தில் மூவர் அறிவுசார் குறைபாடு உடையவர். இருவர் இணை ஆட்டக்காரர். பதினொருவர் ஆடும்போது அறுவரும் ஐவருமாக நிற்பர். போட்டி முறையில் ஆடுவோர் வயதிலும் திறனிலும் ஒத்தவராய் இருத்தல் வேண்டும். இணை ஆட்டக்காரர் தாமே பந்தை வைத்துக்கொண்டு எல்லாக் கோலையும் அடித்துவிடலாகாது. ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கவும் கூடாது. திறன் ஒவ்வாதவர் சேர்ந்து ஆடும்போது, திறன் மிக்கவர் மற்றவரை வளர்த்தெடுக்கும் வேறொரு முறை உண்டு. பொழுதுபோக்காகச் சேர்ந்து ஆடுவது மூன்றாவது முறை.

இங்கே சேர வேண்டியவர் இருதிறத்தார் என்பதை நாம் மறக்கலாகாது. குறைபாடுடைய பிள்ளையைச் சேர்ப்பது பாதி வேலை. அவனுக்குப் பந்தைத் தட்டிக் கொடுக்கும் மற்றப் பிள்ளையைச் சேர்ப்பது மறுபாதி. ஆசிரியனாகிய எனக்கு அந்த மறுபாதியே பெரிதாகத் தோன்றுகிறது. காத்திருத்தல், விட்டுக்கொடுத்தல், பிறன் வெற்றியில் மகிழ்தல் என்னும் அக்லாக்கை நாங்கள் பாடநூலில் வைத்து ஓதிக்கொடுக்கிறோம். அங்கே மாலை நேரத்து மண்ணில் அது தானே படிகிறது. விளையாட்டு வீண்வேலை என்று கருதும் பெரியவர்களுக்கு ஒன்று நினைவூட்டலாம். பெருமானார் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதையும், பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாட அனுமதித்ததையும் நம் ஹதீஸ் நூல்களே அறிவிக்கின்றன.

நம் நாட்டில்

இந்தியாவில் இத்தகைய பிள்ளைகளுக்கான பள்ளிகள் பெரும்பாலும் தனியார் தொண்டினால் தோன்றியவை. பம்பாயில் 1944இல் ஜெய் வக்கீல் பள்ளியும், சென்னையில் 1953இல் பால விகாரும் தொடங்கின. செகந்திராபாத்தில் 1984இல் நடுவணரசு தேசிய நிறுவனம் ஒன்றை அமைத்தது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் எழுந்தது.

சிறப்பு ஒலிம்பிக் இயக்கம் 1987இல் இந்தியாவிற்கு வந்தது. பைத்தியச் சட்டம் மாற்றி எழுதப்பட்ட அதே ஆண்டு அது. பின் 2001இல் ‘ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத்’ என்ற பெயரில் அறக்கட்டளையாகப் பதிவாயிற்று. 1965ஆம் ஆண்டுப் போரில் வீர் சக்ரா விருது பெற்ற விமானப்படைத் தளபதி டென்சில் கீலர், ஓய்வுக்குப்பின் இவ்வியக்கத்திற்குத் தலைமையேற்று நெடுங்காலம் உழைத்தார். 2024இல் அவர் மறைந்தார். அபூதாபியில் 2019இல் இந்திய வீரர்கள் 85 தங்கம், 154 வெள்ளி, 129 வெண்கலம் என 368 பதக்கங்களும், 2023 ஜூனில் பெர்லின் நகரில் 76 தங்கம், 75 வெள்ளி, 51 வெண்கலம் என 202 பதக்கங்களும் பெற்றனர். மேலே கூறியவாறு பிரிவுகள் பல என்பதால், இவ்வெண்ணிக்கையை ஒலிம்பிக் பதக்கக் கணக்கோடு ஒப்பிடலாகாது. பதக்கம் எத்தனை என்பதை விட, ஒருகாலத்தில் வாசலைத் தாண்டாதவர்கள் கடல் தாண்டிப் போய் வந்தனர் என்பதே பெரிது.

சட்டமும் துணைநிற்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் நிறைவேற்றிய மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. விளையாட்டிலும் ஓய்வுநேரச் செயல்களிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமவாய்ப்பு வேண்டும் என்று அது கூறுகிறது. அதனையொட்டி வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, மற்றவர்க்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பும் அளிக்க வேண்டியது கல்வி நிலையங்களின் கடமை என விதிக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்திய நாட்டில் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 15 லட்சம் பேர். வீட்டார் சொன்னதைக் கொண்டு எழுதிய கணக்கு அது. சாத்திய கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர் எல்லாரும் அதில் அடங்கியிருப்பர் என்று எனக்குத் தோன்றவில்லை.

மலையிலும் சமவெளியிலும்

திருச்சி நகரில் இதற்கான வழிகள் உள்ளன. தனிப்பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. சிலுவை மகளிர் கல்லூரியாக நாம் அறிந்த ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்கென ஒரு துறையே உண்டு. மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாட்டரசின் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத் திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. அறிவுசார் குறைபாடு உடையோர்க்கு ஓட்டமும் எறிபந்தும் வைக்கப்படுகின்றன.

மலைமேல் நிலைமை வேறு. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் அங்கே உள்ளன. ஆனால் தனிப் பயிற்சி வேண்டும் பிள்ளையை அன்றாடம் மலையிறக்கிக் கொண்டுவருவது கூலி வேலை செய்யும் தாய் தந்தையரால் ஆகக் கூடியதன்று. அத்தகைய இடங்களில் ஒருங்கிணைந்த ஆட்டமே எளிய வழி. அதற்குத் தனிக் கட்டடம் வேண்டாம். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும், வழிகாட்ட ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும்.

வீட்டில் இத்தகைய பிள்ளை உடைய பெற்றோர் செய்யத் தக்கவை சில. முதலில் அரசின் மாற்றுத் திறனாளி அடையாள அட்டையைப் பெறுங்கள். வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரை அணுகுங்கள். பக்கத்துத் தனிப்பயிற்சிப் பள்ளி வழியாகச் சிறப்பு ஒலிம்பிக்கின் மாநிலக் கிளையில் பதிந்துகொள்ளலாம். ஆட்டத்தில் விடுமுன் மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம். குறிப்பாக ‘டவுன்’ நோய்க்குறி உடைய பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்ந்திருக்கும். குட்டிக்கரணம், தலைகுப்புறக் குதித்தல் போன்றவை அவர்களுக்கு ஆபத்தாகும். நடை, எறிதல், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், பந்துருட்டல் என்று எளியதிலிருந்து தொடங்குங்கள். வெல்லாவிட்டாலும் துணிந்து முயலும் மனத்தைத் தா என்பதே சிறப்பு ஒலிம்பிக் வீரர் ஏற்கும் உறுதிமொழியின் கருத்து. அது பெற்றோருக்கும் பொருந்தும்.

ஜமாஅத்துக்கும் பங்குண்டு. பெருநாள் மாலையில் மஹல்லாப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி வைக்கும் ஊர்கள் பல. அடுத்த பெருநாளில் அப்பட்டியலை எழுதுமுன், நம் தெருவில் யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். அந்த வீட்டின் கதவைத் தட்டி, ‘உங்கள் மகனை ஆட அனுப்புங்கள்’ என்று கேட்பவர் ஒருவர் வேண்டும். அவனது அத்தாவும் அம்மாவும் அதற்காகவே பல ஆண்டுகளாகக் காத்திருக்கக் கூடும்.

பச்சைமலையில் அன்று மாலை மஃரிபுக்குச் சற்று நேரமே இருந்தது. என் மாணவன் ஒருவன், கொல்லையிலிருந்து பந்தோடு வந்த அந்த இளைஞனிடம், “அண்ணே, இந்தத் தடவை நீங்க போடுங்க” என்றான். அவன் தயங்கினான். பிறகு கோட்டருகில் வந்து பந்தை அடித்தான். அது வலையில் மோதி விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை; மறுபடியும் அவனிடமே கொடுத்தார்கள். அதுவும் வலையில் விழுந்தது. ஆட்டம் தொடர்ந்தது, அவன் உள்ளேயே நின்றான். சற்றுப் பொறுத்துப் பந்து மீண்டும் சரிவில் உருண்டது. அவன் ஓடப் புறப்பட்டான். பக்கத்தில் நின்ற மலைப் பையன் அவன் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, “நீ நில்லு, நான் எடுத்தாரேன்” என்று கொல்லைக்குள் இறங்கினான்.

என் பெரியத்தா மகனாரிடம் நாங்கள் சொல்லத் தவறிய சொல் அது. நம் பிள்ளைகளாவது அதனைச் சொல்லக் கற்கட்டும்.